அமலியின் கோழிக்கொண்டையும் ஒரு பாட்டில் கருவாடும்

குரங்குக்குப் பயந்து அமலி ஒரு நாளும் கதவைச் சாத்தியதில்லை. டில்லி கோல் மார்க்கெட் பக்கத்துப் பழைய சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு இப்படி ஒருத்தி வாழ்வது லேசுப்பட்ட காரியமில்லை. அங்கே பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறப்பவர்கள்கூட முதலில் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். பின்னால் ரிட்ஜ் காடு. விடிந்தால் போதும், அங்கிருந்து பிள்ளைகுட்டியோடு கிளம்பி வந்துவிடும். தண்ணீர் டேங்க் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குளிக்கும். காயப்போட்ட துணியை இழுத்துக்கொண்டு போகும். செடி என்று ஒன்று கண்ணில் பட்டால் வேரோடு பிடுங்கி, மோந்து பார்த்துவிட்டு, தொட்டியையும் கீழே தள்ளிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும்.

"அதுகளுக்குப் பசியா? கொழுப்பு" என்பாள் அமலி.

அமலி பெரியதாழைக் குழந்தைசாமியின் மூன்றாவது மகள். குழந்தைசாமிக்கு ஓர் அக்காள் உண்டு, மணப்பாட்டில் வாக்கப்பட்டவள். அவளுடைய இரண்டாவது மகன்தான் அடைக்கலசாமி. கடலோரத்தில் பிறந்தும், படகில் ஏறினால் வாந்தி எடுப்பார். அண்ணன் தம்பிகளின் கேலி தாங்காமல் சித்தப்பா மகன் ஒருவரோடு டில்லிக்கு ரயிலேறினார். லோதி ரோடு பக்கம் பெரிய அதிகாரி ஒருவரின் பங்களாவில் மாலியாகச் சேர்ந்தார். தோட்டக்காரரை அங்கே மாலி என்பார்கள். வேலை நிலைத்ததும் ஊருக்குப் போய் மாமன் மகள் அமலியைக் கட்டிக் கூட்டிவந்தார். ஒரே பிள்ளை, எவாஞ்சலின். அவள் இப்போது சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குவார்ட்டர் அவள் பெயரில்தான்.

அடைக்கலசாமி ஒரு சாது. யார் என்ன சொன்னாலும் "போகட்டும் விடு அமலி" என்பதுதான் அவர் வாயில் வரும். பங்களாவில் இடம் கிடைப்பதற்கு முன்னால் இரண்டு வாடகை வீடுகளைக் காலி செய்தார்கள். இரண்டும் கருவாட்டால் காலியானவை. ஊரிலிருந்து கருவாடு அனுப்புகிறவன் அமலியின் தம்பி, பெயர் பென்சன். பொரித்த அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் வந்து நிற்பார். அமலி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பதில் சொல்லக் கிளம்புவாள். அவர் அவளைப் பின்னுக்கு இழுத்து, "போகட்டும் விடு" என்பார். பங்களா அவுட்ஹவுஸுக்கு வந்தபிறகு, துரை வீட்டார் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்து, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, திருடர்களைப் போல ஆளுக்கு இரண்டு துண்டு பொரித்துத் தின்பார்கள். அவருக்குச் சாளைக் கருவாடு என்றால் உயிர். அப்படி இருந்தும், முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாளாவது ஜன்னலைத் திறந்து வைத்துத் தின்றவர் இல்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் வந்தது. முகம் பார்க்க முடியவில்லை. தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் நாலு பேர் இறக்கினார்கள், மண்ணைத் தள்ளினார்கள். அமலியும் மகளும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். ஒரு பூ இல்லை. முப்பத்தோரு வருடம் அடுத்தவர் ஜாடிக்கெல்லாம் பூ வளர்த்துக் கொடுத்த மனிதர், ஒற்றைப் பூ இல்லாமல் மண்ணுக்குள் போனார். அமலிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அவர் சாமான்களில் ஓர் இருமல் மருந்துச் சீசா இருந்தது. உள்ளே கோழிக்கொண்டைப் பூ விதை. கறுப்பாக, பளபளவென்று, கண்ணில் விழுகிற தூசி அளவு. அவருடைய அம்மா மணப்பாட்டிலிருந்து கொடுத்துவிட்ட விதையில் வந்த வம்சம் அது. பங்களாத் தோட்டத்தில் எத்தனையோ பூ இருந்தது. அவுட்ஹவுஸ் பின்புறத்தில் அவர் தனக்கென்று வளர்த்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். வெல்வெட்டுத் துணியை மடித்து வைத்ததுபோல, மாட்டு ரத்தச் சிவப்பில் பூக்கும்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு, நவம்பர் இரண்டாம் தேதி, அமலி தொட்டியில் வளர்த்த கோழிக்கொண்டையைக் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் வைத்தாள். "வருசா வருசம் இதே பூ வரும். கடைப்பூ உங்களுக்கு வராது" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தாள். மறுவருடமும் வைத்தாள். அதற்கடுத்த வருடம்தான் மகளுக்கு இந்தக் குவார்ட்டர் கிடைத்தது. குரங்கும் கிடைத்தது.

முதல் வருடம் பத்துத் தொட்டி, ஒன்று மிஞ்சவில்லை. இரண்டாம் வருடம் நைலான் வலை கட்டினாள். குரங்கு அதைக் கிழித்து, கிழிந்த வலையில் குட்டியை ஊஞ்சல் ஆட்டியது. ரப்பர் பாம்பு வாங்கி வைத்தாள். அதை ஒன்று கழுத்தில் போட்டுக்கொண்டு போயிற்று. கருமூஞ்சிக் குரங்கைக் கண்டால் இந்தச் செங்குரங்கு ஓடும் என்று யாரோ சொல்ல, கருங்குரங்குப் படம் போட்ட பெரிய பேனர் ஒன்றை எவாஞ்சலின் அடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பேனர் நிழலில் உட்கார்ந்துதான் குரங்குகள் பேன் பார்த்தன. இரண்டு வருடமும் நவம்பர் இரண்டாம் தேதி அமலி வெறுங்கையோடு போய் நின்றுவிட்டு, "மன்னிச்சுக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். பூவே இல்லாததால் புது விதையும் இல்லை.

இந்த வருடம் ஜூலையில் சீசாவைக் கவிழ்த்தபோது உள்ளங்கையில் விழுந்தது ஒரு சிட்டிகை. அவ்வளவுதான் மிச்சம். இதுவும் போனால் பூவும் கிடையாது, அவர் விதையும் கிடையாது. நாலு தொட்டியில் தூவினாள். பழைய விதை, தொட்டிக்கு ஒன்றாக நாலே நாலு முளைத்தன.

அந்த மாதம்தான் பென்சன் அனுப்பிய பார்சல் வந்தது. மழையில் நனைந்து, சாளைக் கருவாடு நமுத்துப்போயிருந்தது. மகள் டூட்டிக்குப் போகட்டும் என்று காத்திருந்து, முறத்தில் பரப்பிப் பால்கனியில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வெயிலுக்கு வைத்தாள். பிரம்பை எடுக்க உள்ளே போன நேரத்தில் கம்பியைத் தாண்டி வந்துவிட்டது ஒன்று. அந்தக் கூட்டத்துக்குத் தலைவன். ஒரு கை பாதி இல்லாததால் அமலி வைத்த பெயர் மொண்டிக்கையன். முறத்தில் கையைவிட்டு ஒரு சாளையை எடுத்தான். மோந்தான். மூஞ்சி கோணிப்போயிற்று. கருவாட்டை எறிந்தான், கையைச் சுவரில் தேய்த்தான், திரும்ப மோந்து பார்த்தான், மறுபடி தேய்த்தான். பிறகு செடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே தாவாகத் தாவிப் போய்விட்டான்.

அமலி பிரம்பைக் கீழே போட்டாள். "அட பாவி, இதுக்கா இம்புட்டு நாளு காத்துக் கெடந்தேன்" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நாலு செடியும் பிழைத்திருக்கும். ஆனால் கடற்கரைக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. மீன் கழுவின தண்ணீரை முருங்கைக்கு ஊற்றி, மீன் தலையைத் தென்னம்பிள்ளைக்கு அடியில் புதைத்துப் பழகியவர்கள். வாசத்துக்கு வாசமும் ஆச்சு, உரத்துக்கு உரமும் ஆச்சு என்று, கருவாட்டுத் தலைகளை நாலு தொட்டியிலும் மண்ணுக்குள் புதைத்து வைத்தாள். குரங்கு வரவில்லை, பூனை வந்தது. காலையில் பார்த்தால் மூன்று தொட்டியில் குழி. நாற்று மூன்றும் வேர் மேலே, தலை கீழே. நாலாவது தொட்டி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கி இருந்ததால் தப்பியது. அதுவும் ஒரு பக்கம் சாய்ந்து, பாதி வேர் வெளியே தெரிய நின்றது.

எவாஞ்சலின் டூட்டி முடிந்து வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா, என்னாச்சு?"

"நானே கொன்னுட்டேன்ட்டி. குரங்கு இல்ல, பூனை இல்ல. நான்."

"அச்சா, ஒண்ணு இருக்குல்ல? அதைப் பாருங்க."

"அதைத்தான் பாக்கப்போறேன். இனி எவன் வாரான்னு பாக்குதேன்."

தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, ஊசியைச் சுடவைத்துச் சுற்றிலும் ஓட்டை போட்டாள். உள்ளே ஐந்து சாளைக் கருவாடு. மூடியை இறுக்கி, பால்கனிக் கூரைக் கொக்கியிலிருந்து கம்பி கட்டி, செடிக்கு மேலே ஆள் உயரத்தில் தொங்கவிட்டாள். பூனைக்கு எட்டாது, வாசம் மட்டும் இறங்கும். மொண்டிக்கையன் மறுநாள் வந்து எதிர்ச் சுவரில் உட்கார்ந்து பாட்டிலையே பார்த்தான். அமலியும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனையே பார்த்தாள். அரை மணி நேரம் கழித்து அவன் கொட்டாவி விட்டுவிட்டு எழுந்து போனான்.

நாலாம் நாள் மேல் வீட்டு ராஜகோபால் வந்தார். மாயவரத்துக்காரர், எழுபதை நெருங்கிய மனிதர், பிளாக்குக்குச் செயலாளர். குவார்ட்டர் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் மகன் அக்ஷய் பெயரில். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"அமலிம்மா, நாலு நாளா ஒரு வாசனை. எலி ஏதாவது செத்துப்போச்சோ?"

"எலி இல்ல சார். கருவாடு."

"சமைக்கறேளா?"

"இல்ல. தொங்கவிட்டிருக்கேன். குரங்குக்கு."

ராஜகோபால் கைக்குட்டையை எடுத்துவிட்டு, உடனே திரும்ப வைத்துக்கொண்டார். "நீங்க எது சாப்பிட்டாலும் நான் கேக்கமாட்டேன். உங்காத்து அடுப்பு, உங்க இஷ்டம். ஆனா பால்கனியில கட்டித் தொங்கவிட்டா? மேல என் பூஜை ரூம் ஜன்னல் இருக்கு. ஒரு செடிக்காகவா இத்தனையும்? பேசாம உள்ள எடுத்து வெச்சுடுங்கோளேன்."

"வெயில் இல்லாம கோழிக்கொண்டை பூக்காது சார்."

"அப்போ மார்க்கெட்ல ஒண்ணு வாங்கிக்கோங்கோ."

அமலிக்கு அந்தச் சொல்தான் சுருக்கென்றது. "சார், சனிக்கிழமை தவறாம உங்க பால்கனியிலேந்து ரெண்டு சீப்பு வாழைப்பழம் போடுதீங்க. அதைத் திங்க வாரதுகதான் எஞ் செடியைப் பிடுங்குது. நீங்க பழத்தை நிப்பாட்டுங்க, அந்த நிமிசமே நான் கருவாட்டை இறக்குதேன்."

"அது ஆஞ்சநேயருக்கு வேண்டுதல். ஆத்துக்காரிக்கு ஆபரேஷன் ஆனப்போ வேண்டிண்டது. அதை எப்படி நிறுத்தறது?"

"இதுவும் வேண்டுதல்தான். நான் எப்படி நிறுத்துதது?"

ராஜகோபால் கைக்குட்டையை மூக்கில் இன்னும் அழுத்திக்கொண்டார். அவர் படியேறிப் போய்விட்டார்.

மறுநாள் மாடிப்படி அடியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. துர்நாற்றம் வீசும் பொருள்களைப் பால்கனியில் வைக்கக் கூடாது, மீறினால் குவார்ட்டர் ஆபீசுக்கு எழுதப்படும் என்று இந்தியிலும் இங்கிலீஷிலும். எவாஞ்சலின் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"யம்மா, குவார்ட்டர் என் பேர்ல இருக்கு. எழுதிட்டா எனக்குத்தான் மெமோ வரும். ப்ளீஸ், இறக்கிடுங்க."

"ஏட்டி, ரெண்டு வீடு காலி பண்ணினோம் இந்தக் கருவாட்டுக்காக. அப்ப நீ கைப்பிள்ளை. உங்கப்பா ரெண்டு தடவையும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சாமான் தூக்குனாவ. நான் பின்னாலயே போனேன். இனி நான் தூக்கமாட்டேன்."

"அப்பா இருந்தா போகட்டும் விடுன்னு சொல்லியிருப்பாங்க."

"சொல்லியிருப்பாவ. அதான் அவியளுக்கு ஒத்தைப் பூ கெடைக்கல."

எவாஞ்சலின் போனைக் கவிழ்த்து வைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "சாளை மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அன்று அந்த வீட்டில் ஜன்னல் திறந்தபடியே கருவாடு பொரிந்தது.

நிஜமாகவே குவார்ட்டர் ஆபீசிலிருந்து ஓர் ஆள் விசாரிக்க வந்தான். கையில் ஃபைல், வாயில் பான். பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இது என்ன என்று இந்தியில் கேட்டான். அமலிக்கு இந்தி எழுதத் தெரியாது. பேச்சில் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

"காய்ந்த மீன், பையா. பெரிசா எழுதிக்கோ. எழுதும்போது அதையும் சேர்த்து எழுது" என்று கீழே கேட் பக்கம் கையைக் காட்டினாள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று எழுதிய பலகை அங்கே வருடக்கணக்காகச் சாய்ந்துகொண்டு நிற்கிறது. "மேலே பழம் விழுவதால்தான் கீழே மீன் தொங்குகிறது. இரண்டையும் எழுதினால் நான் கைநாட்டு வைக்கிறேன். ஒன்றை மட்டும் எழுதினால் நீ எழுதிக்கொண்டே இரு, நான் தொங்கவிட்டுக்கொண்டே இருப்பேன்."

அவன் அண்ணாந்து மேல் வீட்டைப் பார்த்தான். அங்கே ராஜகோபால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். சட்டென்று உள்ளே போய்விட்டார். வந்தவன் ஃபைலை மூடிக்கொண்டு, அமலி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனான். மெமோ வரவில்லை. நோட்டீஸை யார் கிழித்தார்கள் என்றும் தெரியவில்லை. பழம் மட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை விழுந்துகொண்டேதான் இருந்தது. பாட்டிலும் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

செடி பிழைத்துக்கொண்டது. பாதி வேர் அறுந்ததில் வளர்த்தி மந்தம். சாய்ந்த பக்கத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த பழைய ஸ்கேல் குச்சியை விட்டுவிட்டு நிமிர செப்டம்பர் ஆகிவிட்டது. அக்டோபர் நடுவில்தான் கொண்டை கண்டது. முதலில் குழந்தையின் கைமுட்டி மாதிரி, பிறகு மடிப்பு மடிப்பாக விரிந்து, அதே மாட்டு ரத்தச் சிவப்பு. அமலி தினமும் அதன்முன் நின்று, "உங்க அம்மா கொடுத்தது மாதிரியே இருக்கு" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று எவாஞ்சலின் கேட்பதில்லை.

ஆனால் ஒரு சிக்கல். கோழிக்கொண்டை விதை பூவின் அடி மடிப்பில்தான் முற்றும். பூத்து ஒன்றரை மாதமாவது செடியில் நிற்க வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி அறுத்தால் கல்லறைக்குப் பூ உண்டு, சீசாவுக்கு விதை இல்லை. விதைக்கு விட்டால் மூன்றாம் வருடமும் வெறுங்கை. ஒரே செடி, ஒரே பூ.

"இந்த வருசம் கடையில வாங்கிக்கலாம்மா. அடுத்த வருசம்..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"எதையும் அறுக்க வேண்டாம். தொட்டியோட போவோம்" என்றாள் அமலி.

இரண்டாம் தேதி காலையில் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். எவாஞ்சலின் பின்னால் மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியும் கொண்டுவந்தாள். படித் திருப்பத்தில் பால் வாங்கிக்கொண்டு ராஜகோபால் ஏறி வந்தார்.

"செடியைத் தூக்கிண்டு எங்க போறேள்?"

"கல்லறைக்கு சார். இன்னைக்குத் திருநாள். இவ அப்பாவுக்கு."

அவர் பூவைப் பார்த்தார். அமலியைப் பார்த்தார். இந்த இரண்டு வருடத்தில் அந்தச் செடி யாருக்கு என்று அவர் கேட்டதில்லை. அமலி சொன்னதும் இல்லை. பால் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு வந்து தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"கருவாட்டை மட்டும் அந்தக் கையில வெச்சுக்கோங்கோ" என்றார்.

"அது எனக்குத் தெரியும் சார். நீங்க படியைப் பாத்து இறங்குங்க" என்றாள் அமலி.

ஆட்டோக்காரர் ஆரிப் தெரிந்த ஆள். வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, கடைசியில், "அம்மாஜி, சமைத்த பிறகு கூப்பிடுங்கள்" என்று சொல்லி இறக்கிவிட்டார்.

கல்லறைத் தோட்டம் நிறையச் சனம். எல்லாக் கல்லறையிலும் செவ்வந்தி, சம்பங்கி, ரோஜா இதழ். மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன குரங்குகள். ஆட்கள் நகர நகர இறங்கி வந்து மாலைகளைப் பிய்த்தன. அமலி தொட்டியை அடைக்கலசாமியின் தலைமாட்டில் வைத்தாள். பாட்டில் கம்பியை அவர் சிலுவையின் கையில் நல்ல முடிச்சாகப் போட்டுக் கட்டினாள். சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். இங்கே வந்ததும் நின்று சிலுவையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, சிலுவையில?"

"சாளைக் கருவாடு, ஃபாதர். செடிக்குக் காவல். அவியளுக்கும் பிடிக்கும்."

"எடுத்துக் கீழ வச்சா என்ன?"

"இந்த மனுசன் முப்பத்தோரு வருசம் கதவைச் சாத்திட்டுத் தின்னாவ, ஃபாதர். இன்னைக்கு ஒரு நாள் தொறந்த வெளியில தொங்கட்டும். பூனைக்கு எட்டக் கூடாதுன்னும் இருக்கு."

ஃபாதர் தூத்துக்குடிக்காரர். வாயை மூடிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கல்லறைமேல் தெளித்தார், பூவின்மேல் தெளித்தார், என்ன நினைத்தாரோ, பாட்டில்மேலும் இரண்டு சொட்டு தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.

குரங்குகள் இடது பக்கக் கல்லறைக்கு இறங்கின, வலது பக்கக் கல்லறைக்கு இறங்கின. நடுவில் மட்டும் வரவில்லை. பொழுது சாயும் மட்டும் அமலி அங்கேயே இருந்தாள். பிறகு தொட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பழைய கொக்கியில் பாட்டிலை மாட்டினாள்.

டிசம்பர் பாதியில் காய்ந்த கொண்டையை வெள்ளைத் துணியில் உதறினாள். கறுப்பு விதை பொலபொலவென்று கொட்டியது. இருமல் மருந்துச் சீசா கழுத்துவரை நிறைந்தது. அன்று சாயங்காலமே பென்சனுக்குப் போன் போட்டாள்.

"ஏல பென்சன், அடுத்த பார்சல்ல சாளை ரெண்டு மடங்கு போடு. வார ஆடிக்குப் பத்துத் தொட்டி வைக்கேன்."